ஐந்து பேருக்கான புட்டி

வாலிநோக்கம் தாண்டி உப்பளம் முடிகிற இடம்
சிப்பித்துறை.
இரண்டு கொடிக்கம்பம், ஒரு அடிபம்பு,
நூற்றுப் பன்னிரண்டு வீடு.
பதினோரு வருசமாக இந்தத் துணை நிலையத்தில்
ஊசி போடுகிறவள் நான்.

மேலக்கம்பத்துக்காரர்கள் ஆண்டபோது
மேலத்தெரு பந்தல் போட்டு, ரோஸ்மில்க் கொடுத்து,
பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது.
கீழத்தெரு கதவைச் சாத்திக்கொண்டது:
"அவன் குடுக்குற மருந்து, வம்சத்தையே அழிச்சிரும்."

அப்புறம் ஓட்டு எண்ணினார்கள்.
கீழக்கம்பத்தடியில் வெடி.
அடுத்த புதன்கிழமை பந்தல்
கீழத்தெருவுக்கு இடம் மாறியிருந்தது, ரோஸ்மில்க்கோடு.
வம்சம் அழிகிற அதே வசனத்தை
ஒரு சொல் மாறாமல் மேலத்தெரு வாங்கிக்கொண்டது.

புட்டி மாறவில்லை.
பெட்டி மாறவில்லை.
என் முட்டிவலி மாறவில்லை.

பதிவேட்டில் 'வராத காரணம்' என்று ஒரு கட்டம்.
காய்ச்சல், வெளியூர், தாய் மறுப்பு,
அச்சடித்த காரணங்கள் அவ்வளவுதான்.
பென்சிலில் நான் எழுதினேன்: கச்சான்.
முந்தின ஆட்சியில் எழுதியது: வாடை.
"இது என்னம்மா வியாதி?" என்று கேட்டார் மேலதிகாரி.
"காத்து சார்."

புட்டி மூடியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம்.
வெள்ளையாக இருந்தால் நல்ல மருந்து.
சூடு பட்டுக் கெட்டால் தானே கறுத்துவிடும்.
கெட்டதை மறைக்கத் தெரியாத பொருள்,
இந்த ஊரில் நான் பார்த்து, அது ஒன்றுதான்.

பங்குனியில் மணல்வாரி வந்தது.
அன்று புதன். பகல் முழுக்க மைக்கில்
மேலத்தெரு கிளைச் செயலாளர் முத்திருளாண்டி:
"நம்ம பிள்ளைகள வச்சு சோதனை பண்றாங்க!"
ஐந்தரைக்கு, பெட்டி எடுக்கிற பைக் வருமுன்,
அதே தொண்டை, கம்மிப்போய், என் பின்வாசலில்.
கட்சிக்கரை இல்லாத வேட்டி.
இடுப்பில் ஒன்பது மாசப் பேரன்.
"வெளிய தெரியக் கூடாதும்மா."

ஐந்து பேருக்கான புட்டி அது.
திறந்து கலக்கினால் நாலு மணி நேரம்,
அதற்கு மேல் வைக்கக் கூடாது.
திறந்தேன்.
பிள்ளை வீறிட்டது. தாத்தா அதன் வாயைப் பொத்தினார்.

மீதி நாலு.
பைக்காரனை டீ குடிக்கச் சொல்லிவிட்டு
பெட்டியோடு மேலத்தெருவில் நுழைந்தேன்.
முதல் கதவு: "அண்ணன் வேண்டாம்னுட்டாரு."
அண்ணனைப் பற்றி நான் பேச முடியாது.
ஊசி வாங்கியவர் பெயர் வாய்க்குள்ளேயே இருக்க வேண்டும்,
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.
சூடை முள்ளாகக் குத்திக்கொண்டு இருந்தது.
அடுத்த கதவில் நாய்.
அதற்கடுத்ததில் டிவி சத்தம் குறைந்தது,
கதவு திறக்கவில்லை.

நம்புச்செல்வி திறந்தாள்.
உள்ளே வேப்பிலைக்கு நடுவில் மூத்தவன்,
உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்த மாதிரி.
தோளில் பத்து மாசத்து இளையவள்.
"இது யாரு ஊசிக்கா?"

அரசாங்கத்தது என்றால், அவர்கள் ஊசி.
டாக்டருடையது என்றால், எந்தத் தெரு டாக்டர் என்பாள்.
பெட்டிக்குள் போட்டிருந்த மூடியை எடுத்து
விளக்கடியில் நீட்டினேன்.
"நடுவுல சதுரம் என்ன நிறம்னு நீயே பாரு."
பார்த்தாள்,
ஏலத்தில் பாறை மீனின் செவுளைத் தூக்கி
நேற்றையதா இன்றையதா என்று பார்க்கிற கண்ணால்.
"வெள்ளையாத்தான் இருக்கு."
பிள்ளையின் சட்டைக் கையை அவளே ஏற்றிவிட்டாள்.

ஒன்பதரை. மீதியைக் கழித்தாயிற்று.
போட்டது இரண்டு. வீண் மூன்று.
காரணக் கட்டத்தில் பென்சில் நின்றது.
காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள
வாசலுக்கு வந்து கம்பங்களைப் பார்த்தேன்.
தெருவிளக்கில் இரண்டு கொடியும்
ஒரே பக்கம் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தன.

கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.